ஒன்பதரை மணி வரை

சித்தப்பாவின் எண்ணைத் தேடி எடுத்துப் பெரியவன் பொத்தானை அழுத்தப்போன நேரத்தில், சோப்பு வாசனை அடிக்கும் ஒரு கை குறுக்கே வந்து கைபேசியின் திரையை மூடியது.

"யாருக்கும் பண்ணாதே தம்பி."

நிமிர்ந்து பார்த்தான். சலவைக்கூடத்து நீல அங்கியோடு இஸ்திரி அக்கா நின்றுகொண்டிருந்தாள். மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. இந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் அம்மா இருபத்திரண்டு வருடம் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். அவற்றை இயந்திரத்தில் கொடுத்து இஸ்திரி போட்டவள் இவள். இவள் பெயர் என்னவென்று அம்மாவுக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் இஸ்திரி அக்காதான்.

"அக்கா, அம்மா..."

"தெரியும். நர்ஸ் கீழே போன் பண்ணிட்டாங்க. உங்க அம்மா அவங்ககிட்ட சொல்லி வச்சிருந்தாங்க, எதுன்னாலும் முதல்ல எனக்குச் சொல்லணும்னு. உனக்கும் முன்னாடி. நீ பக்கத்துலயே உக்காந்திருந்ததால அது நடக்கல."

அம்மா போய் இருபது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. ஜன்னல் வெளுக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு மூச்சு விட்டாள். அடுத்தது வரும் என்று பெரியவன் காத்திருந்தான். முந்தின இரண்டு நாளாகவே அப்படி நின்று நின்றுதான் வந்துகொண்டிருந்தது. இந்த முறை வரவில்லை என்பது புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சின்னவளுக்கு?" என்று கேட்டான்.

"சொல்லியாச்சு. கிளம்பிட்டா."

நான்கு வருடத்தில் தங்கையைப் பற்றி அவன் கேட்ட முதல் செய்தி அது. கிளம்பிவிட்டாள் என்றால், கிளம்புவதற்கு எங்கோ ஓர் இடம் இருக்கிறது.

"எங்கேருந்து..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான்.

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். அவனாகவே நிறுத்தினான் என்பதைக் குறித்துக்கொண்டவள்போல ஒருமுறை தலையை ஆட்டினாள்.

"இங்க பாரு. வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். பின்தெரு வழியா, அழுக்குத் துணி இறக்குற கதவால உள்ள வருவா. கூட பெண்களுக்கு அடைக்கலம் குடுக்குற மையத்து அம்மா ஒருத்தங்க இருப்பாங்க, அவங்கதான் வண்டி ஓட்டுறாங்க. அம்மாவைப் பாப்பா. அரை மணி நேரம். அதே வழியா போயிடுவா. அதுக்கு அப்புறம் நீ யாருக்கு வேணும்னாலும் சொல்லு, ஊரையே கூட்டு. ஒன்பதரை மணி வரைக்கும் உங்க அம்மா உயிரோட இருக்காங்க. புரியுதா?"

"என் பொண்டாட்டிக்குக் கூடவா சொல்லக் கூடாது?"

"உன் மச்சினன் எங்க வேலை பாக்குறான்?"

பெரியவன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான். மனைவியின் தம்பி வேலை பார்ப்பது சின்னவளின் கணவரான மாப்பிள்ளையின் டிரைவிங் ஸ்கூலில்.

செவிலி அறைக்குள்ளிருந்து வந்தாள். இரவு முழுக்க விழித்த கண்கள். பேச்சைக் கேட்டிருந்தாள் போலும். "டூட்டி டாக்டர் பாத்துட்டார். பெரிய டாக்டர் எட்டரைக்குத்தான் வருவார். பேப்பர் எழுதி முடிய ஒன்பதரை ஆயிடும், அது எப்பவும் ஆகுறதுதான். நான் பொய் சொல்ல மாட்டேன். யாராவது நேராக் கேட்டா சொல்லிடுவேன். கேக்காதவங்ககிட்ட நானாப் போய் சொல்லப் போறதில்ல" என்றாள். பிறகு அம்மாவின் அறைக் கதவைச் சாத்தினாள்.

*

சின்னவள் முதல் முறை வீட்டை விட்டு வந்தபோது தங்கியிருந்தது ஒரு சிநேகிதி வீட்டின் மாடியறையில். அந்த முகவரியை அம்மா பெரியவனிடம் சொல்லியிருந்தாள். அவசரத்துக்கு ஓர் ஆண்பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தாள். பத்தாவது நாள் மாப்பிள்ளை அவன் வேலை செய்யும் கட்டடத்துக்கே வந்துவிட்டார். பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு இயந்திர அறையில் கை முழுக்கக் கிரீஸோடு நின்றிருந்தான். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து அழுதார். சட்டையெல்லாம் தூசி. "அவ இல்லாம வீட்டுக்குள்ள போகவே முடியல மச்சான். ஒரே ஒரு தடவை பேசினாப் போதும்" என்றார். யார் மனதும் இளகும்படியான அழுகை அது. அவரிடம் கார் கற்றுக்கொண்ட பெண்கள் எல்லோரும் சொல்வார்கள், எத்தனை தடவை இன்ஜினை அணைத்துவிட்டாலும் ஒரு கடுஞ்சொல் சொல்ல மாட்டார் என்று.

பெரியவன் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ரசீதின் பின்னால் முகவரியை எழுதிக் கொடுத்தான். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தான். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படித்தான் சொன்னான்.

சின்னவளின் இடது மணிக்கட்டை மூன்று மாதம் கட்டுப்போட்டு வைத்திருந்தார்கள். கட்டுப் பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் இரண்டாம் முறை போனாள். எங்கே என்று அம்மா யாரிடமும் சொல்லவில்லை. பெரியவனைத் திட்டவும் இல்லை. அவன் தட்டில் சோறு போட்டாள், அவனோடு உட்கார்ந்து செய்தி பார்த்தாள், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மகளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஒன்றுவிட்ட வியாழக்கிழமைகளில் நல்ல உடை உடுத்திக்கொண்டு, "இஸ்திரியைப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்புவாள். எங்கே போகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசாமலேயே நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

*

ஏழு மணிக்கு மனைவி கூப்பிட்டாள்.

"எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான்."

"ராத்திரி தூங்கினாங்களா?"

"ம். நல்லாத் தூங்குறாங்க."

"நீங்க தூங்கலையா? குரலே சரியில்ல. நான் வந்து மாத்தி விடவா?"

"வேண்டாம், வேண்டாம். நானே கொஞ்ச நேரத்துல வரேன்" என்று வைத்தான். பதினாறு வருடத்தில் அவளிடம் சின்னச் சின்னப் பொய்கள் சொல்லியிருக்கிறான். இப்படி ஒன்று சொன்னதில்லை. அவளும் அம்மாவும் மாமியார் மருமகளாக இருந்ததைவிட, ஒரே சமையலறையில் வேலை பார்க்கும் இரண்டு பேராக இருந்தார்கள். சண்டை வந்தால் பாத்திரங்கள்தான் பேசும். சாயங்காலம் சமாதானமாகி, அவனைப் பற்றி இருவருமாகச் சேர்ந்து சிரிப்பார்கள்.

நடைக்கூடத்து இருக்கையில் உட்கார்ந்தான். உள்ளே கதவுக்கு அந்தப் பக்கம் செவிலியும் இன்னொருத்தியும் அம்மாவுக்கு உடம்பு துடைக்கும் சத்தம், வாளியில் துணி பிழியும் சத்தம் கேட்டது. சின்னவள் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தான். நான்கு வருடமாக யோசித்து வைத்திருந்தது எதுவும் இப்போது நினைவுக்கு வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றால் போதும் என்று தோன்றியது. அவள் விரட்டினால் தள்ளி நிற்கலாம்.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் படிக்கட்டுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. பழகிய சத்தம். மாப்பிள்ளை ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் பிஸ்கட் பொட்டலமுமாக வந்துகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை.

பத்து நாளாக அவர் சாயங்காலங்களில்தான் வருவார். அத்தைக்குப் பழம் கொண்டு வருவார். இந்த இருக்கையில் பார்வை நேரம் முடியும்வரை உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் இன்றுதான் வருகிறார்.

"ஒன்பது மணி கிளாஸ் கேன்சல் ஆயிடுச்சு மச்சான். சரி, உங்களுக்கு டீ குடுத்துட்டு அத்தையையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். அது உள்ளேயிருந்து ஒரு கை அகலம் திறந்தது. செவிலியின் முகம் மட்டும் தெரிந்தது. "உடம்பு துடைச்சுக்கிட்டு இருக்கோம். இப்ப யாரும் வரக் கூடாது" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

"பரவால்ல, இருக்கேன். எனக்கென்ன வேலை" என்று மாப்பிள்ளை உட்கார்ந்தார். பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்.

நடைக்கூடத்தின் கோடியில், துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இஸ்திரி அக்கா அவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் பார்வை பெரியவன்மேல் திரும்பியது. அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. இவன் இப்போது என்ன செய்யப்போகிறான் பார்க்கலாம் என்பது மட்டும் இருந்தது.

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டால், வெளியிலிருந்து அவர்களோடு பேசுவது பெரியவனின் வேலை. அதற்கென்று அவனிடம் ஒரு குரல் உண்டு. அவசரம் இல்லாத, கொஞ்சம் சலித்த குரல். என்ன ஆகுமோ என்று அவனுக்கே பயமாக இருக்கும்போதுதான் அந்தக் குரல் தேவைப்படும்.

"மாப்பிள்ளை, வண்டி எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"கீழதான் நிக்குது. ஏன்?"

"என்னைக் கொஞ்சம் வீட்டுல விட்டுட்டு, திரும்பக் கூட்டிட்டு வர முடியுமா? மூணு நாளாக் குளிக்கல. எனக்கே என் நாத்தம் தாங்கல. நர்ஸ் வேற முறைக்கிறாங்க."

மாப்பிள்ளை சிரித்தார். "அதுக்கென்ன மச்சான், வாங்க. அத்தைகிட்ட யாரு இருக்கா?"

"அதான் நர்ஸ் இருக்காங்களே."

எழுந்தான். மூடிய கதவை ஒருமுறை பார்த்தான். சின்னவள் இந்த வழியாக வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவள் வரும்போது தான் இங்கே இருக்கப்போவதில்லை என்பது மூன்றாவது படி இறங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. நிற்காமல் இறங்கினான்.

*

டிரைவிங் ஸ்கூல் காரில் பயணியின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. "காலை அதுமேல வச்சிராதீங்க மச்சான். பழகாதவங்க வச்சிட்டா வண்டி சடக்குன்னு நின்னுடும்" என்று மாப்பிள்ளை கிளப்பினார். "பின்தெருவுல போயிடலாமா? முன்னாடி ரோட்டுல ஸ்கூல் டைம், ஒரே கூட்டமா இருக்கும்."

"மருந்துக் கடை முன்னாடிதானே இருக்கு. உதட்டுக்குத் தடவுற களிம்பு ஒண்ணு வாங்கணும். வாய் காஞ்சு போகுது அவங்களுக்கு."

முன்தெருவிலேயே போனார்கள். பெரியவன் இறங்கிக் கடையில் களிம்பைக் கேட்டான். "பெரியவங்களுக்கா, குழந்தைக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "எங்க அம்மாவுக்கு" என்றான். சின்ன டப்பாவாகப் போதுமா என்று கேட்டதற்கு, பெரியதாகவே கொடுங்கள் என்றான். டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வண்டியில் ஏறினான்.

சிக்னலில் நின்றபோது மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே சொன்னார்: "அத்தைக்கு எதாவது ஒண்ணுன்னா அவ வருவால்ல மச்சான்?"

"தெரியல."

"வருவா. பெத்தவ ஆச்சே. வந்துதானே ஆகணும்." குரலில் கோபம் எதுவும் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோல இருந்தது. "நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. ஒரு தடவை கண்ணால பாத்தாப் போதும். எங்க இருக்கா, எப்படி இருக்கான்னு தெரிஞ்சாப் போதும். நான் கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிடுமா? புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல காகிதமா நிக்கும்?"

"எனக்கு அவ எங்க இருக்கான்னு தெரியாது மாப்பிள்ளை."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியுமே." அவர் திரும்பி, அன்போடு, அவன் முழங்காலில் தட்டினார். "தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லியிருப்பீங்க. உங்க குடும்பத்துலயே நல்ல மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

சிக்னல் மாறி நகர்ந்த வண்டி குலுங்கி நின்றது. பின்னாலிருந்து இரண்டு மூன்று ஹாரன்கள் கத்தின.

"காலு, காலு! மச்சான், காலை எடுங்க!"

பெரியவன் குனிந்து பார்த்தான். தன் வலது கால் பிரேக்கின்மேல் இருந்தது. மெதுவாக எடுத்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டாள், டீ வைத்தாள். பெரியவன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழாயை முழுதாகத் திறந்துவிட்டான். வாளி நிறைந்து வழிந்தது. வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே மாப்பிள்ளை என்னவோ சொல்ல மனைவி சிரித்தாள். மணி எட்டே முக்கால். இந்நேரம் அவள் அங்கே இருப்பாள். கட்டிலுக்கு எந்தப் பக்கம் நின்றிருப்பாள்? மெலிந்திருப்பாளா?

குளித்தான். சவரம் செய்தான். நிதானமாக இன்னொரு முறையும் செய்தான். தாடையில் வெட்டிக்கொண்டான். இருந்த சட்டைகளிலேயே பொத்தான் அறுந்ததாகப் பார்த்து எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

"வேற சட்டையே இல்லையா உங்களுக்கு? அவர் எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கார்!"

"இதான் வேணும். தச்சுக் குடு."

அவள் அவனை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு ஊசியைத் தேடி எடுத்தாள். தைத்தாள். மாப்பிள்ளை வெளியே போய் ஒருமுறை ஹாரன் அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை அடித்தார். பெரியவன் மனைவி வைத்ததைச் சாப்பிட உட்கார்ந்தான். மென்றான், விழுங்கினான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒன்பது முப்பத்திரண்டுக்குக் கைபேசி அடித்தது. செவிலி.

"உங்க அம்மா இறந்துட்டாங்க. பேப்பர் தயாரா இருக்கு. வாங்க" என்றாள். முறையாகச் சொல்லவேண்டியதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

இந்த நேரத்தில் எப்படி நடிப்பது என்று வரும் வழியெல்லாம் பயந்திருந்தான். அதற்குத் தேவையே இருக்கவில்லை. மூன்றரை மணி நேரமாக எங்கோ நிறுத்தி வைத்திருந்தது மொத்தமும் அப்போதுதான் வந்தது. தட்டின்மேல் கையை ஊன்றியபடி அவன் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். வெளியிலிருந்து மாப்பிள்ளை ஓடி வந்தார். அவர்தான் அவனைத் தூக்கி நிறுத்தி, தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "அழுங்க மச்சான், அழுதுடுங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். மறு கையால் கைபேசியை எடுத்து, தன்னிடம் வேலை பார்க்கும் பெரியவனின் மச்சினனைக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரி வாசல்ல போய் நில்லு. முன்னாடி நீ, பின்னாடி கேட்டுல ஒருத்தனை நிறுத்து. யார் வராங்க போறாங்கன்னு பாத்துக்கிட்டே இரு." பெரியவனின் காதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் அதைச் சொன்னார்.

*

அம்மாவின் தலை வாரிப் பின்னப்பட்டிருந்தது. பத்து நாளாகச் சிக்குப் பிடித்துத் தலையணையில் கிடந்த முடி. இப்போது ஒற்றைப் பின்னலாக வலது தோள் வழியே முன்னால் கிடந்தது. பின்னல் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தது.

ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்வதாகச் சொல்லி மாப்பிள்ளை கீழே போயிருந்தார். அவர் ஒவ்வொரு வாசலாகச் சுற்றிக்கொண்டிருப்பது ஜன்னலிலிருந்து தெரிந்தது. இஸ்திரி அக்கா விரிப்பு மாற்றுவதுபோல உள்ளே வந்தாள்.

"எவ்வளவு நேரம் இருந்தா?" என்று கேட்டான்.

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"நல்லா இருக்காளா?"

"சதை போட்டிருக்கா. வேலைக்குப் போறா." அதற்குமேல் சொல்லவில்லை. விரிப்பின் ஓரத்தை மடித்தாள். "அண்ணன் எங்கன்னு கேட்டா."

பெரியவன் பின்னலின் நுனியைத் தொட்டான்.

"அந்தாளை இழுத்துக்கிட்டுப் போயிருக்கான்னு சொன்னேன். கேட்டுக்கிட்டா. அப்புறம் சீப்பு இருக்கான்னு கேட்டா."

ஜன்னலுக்கு வெளியே மாப்பிள்ளை பின்வாசல் காவலாளியிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். காவலாளி உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ளதைச் சொல்லிடுறேன் தம்பி" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷமா உக்காந்து இதைப் பேசி வச்சோம். நான், உங்க அம்மா, மையத்து அம்மா மூணு பேரும். யாருக்கு முதல்ல சொல்றது, எந்தக் கதவு, எந்த வண்டி, நடுவழியில பழுதானா என்ன பண்றதுன்னு ஒவ்வொண்ணா. ஒரு கேள்விக்குத்தான் பதில் வரல. அவன் முன்னாடியே வந்து உக்காந்திருந்தா? மையத்து அம்மா, அப்படின்னா திரும்பிப் போயிட வேண்டியதுதான்னாங்க. உங்க அம்மாதான், பெரியவன் இருப்பான்னாங்க."

பெரியவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அதுல துளிகூட நம்பிக்கை இல்ல. அவங்ககிட்டயே சொன்னேன். வேற யாரையாவது யோசிங்கன்னு சண்டை போட்டேன்." அழுக்கு விரிப்பைச் சுருட்டி வண்டியில் போட்டாள். "சரி. எனக்கு இஸ்திரி மெஷின் சூடாயிட்டிருக்கும்."

*

மதியத்துக்குள் வீட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவரைக்கும் போட்டிருந்தார்கள். போட்டது மாப்பிள்ளை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், வயதானவர்களைக் கைப்பிடித்து உட்காரவைத்தார். நடுநடுவே தெருமுனையைப் பார்த்தார்.

சித்தப்பா வந்து அம்மாவைப் பார்த்து அழுது முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்கே அவ?"

மாப்பிள்ளை நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"நாலு வருஷமா உயிரோட இருந்தவளைப் பாக்க வரல. செத்த பிறகாவது வரலாம்ல? கல் நெஞ்சு. இப்படி ஒரு பிள்ளையைப் பெத்ததுக்கு..."

"விடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "அவளுக்கு என்ன கஷ்டமோ. தகவல் போய்ச் சேரணும் இல்ல? நான் ஒண்ணு சொல்லட்டுமா? நாளைக்கு எடுக்கலாம். இன்னிக்கே எல்லாருக்கும் செய்தி போகட்டும், பேப்பர்லயும் குடுத்துடுவோம். எங்கயிருந்தாலும் வந்துடுவா. கடைசியா அம்மா முகத்தைப் பாக்கட்டுமே, பாவம்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

"இன்னிக்கே எடுக்கணும்" என்றான் பெரியவன்.

"என்னடா அவசரம் உனக்கு?" சித்தப்பா எழுந்துவிட்டார். "பெத்தவளைத் தள்ளிவிட இவ்வளவு துடிப்பா? கூடப் பொறந்தவ மேல ஒரு பாசம் வேண்டாம்? அந்த மனுஷன் அவ்வளவு பட்டும் பொண்டாட்டிக்காகப் பேசுறார். நீ அண்ணனாடா?"

நாலு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறது என்று பெரியவன் திரும்பச் சொன்னான். அதற்குமேல் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. இருந்ததைச் சொல்ல முடியாது.

மனைவி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து நாத்தனாரை அவளும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது குனிந்து அம்மாவின் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுகிய பக்கத்தை, தளர்ந்த பக்கத்தை, விரலால் தடவினாள். அந்த வீட்டில் எட்டு வருடம் நாத்தனாரோடு ஒரே கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டவள் அவள். மணிக்கட்டு உடைந்து அவள் இங்கே வந்து இருந்த கொஞ்ச நாளும்.

"தலை யாரு பின்னிவிட்டா?" என்று அவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நர்ஸ்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். தாடையில் சவரக் கத்தி வெட்டிய இடத்தை, காலையில் தான் தைத்துக் கொடுத்த பொத்தானைப் பார்த்தாள். பிறகு அம்மாமேல் போர்த்தியிருந்த துணியை மேலே இழுத்து, பின்னல் முழுதும் மறையும்படி தோள்வரைக்கும் சுற்றிச் செருகிவிட்டாள்.

"நீயாவது புத்தி சொல்லும்மா உன் புருஷனுக்கு" என்றார் சித்தப்பா.

"அவர் சொல்றபடியே செஞ்சிடுங்க சின்ன மாமா" என்றாள். "நாலு மணிக்கே எடுத்துடுங்க."

*

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சித்தப்பா பெரியவனிடம் சொல்லாமலேயே போனார். மாப்பிள்ளை கடைசிவரைக்கும் இருந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலிகளை அடுக்க உதவினார்.

"எது வேணும்னாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க மச்சான். நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகவில்லை. எதிர்வரிசையில் பூட்டியிருந்த கடையின் முன்னால் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு அவள் வரலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

பெரியவன் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவினான். அதை வாசற்படிக்கு நேராக, தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தான். கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு காரையே பார்த்தான்.

மாப்பிள்ளை முதலில் கையை ஆட்டினார். பெரியவன் ஆட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை கைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோதும் பெரியவன் அப்படியேதான் உட்கார்ந்திருந்தான். மனைவி பின்னாலிருந்து ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

கார் கிளம்பியது. தெருமுனையில் சற்றுத் தயங்கி, திரும்பிப் போனது.

நாற்காலி வாடகைக்குக் கொடுக்கும் முதியவர் வண்டியில் அடுக்குகளை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு வந்தார். விரலால் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"தம்பி, அந்த ஒண்ணையும் குடுத்துட்டா நான் கிளம்பிடுவேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேங்க" என்றான் பெரியவன்.

அவர் அவனையும் காலியான தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியின் ஓரத்தில் தானும் உட்கார்ந்து, காத்திருக்கத் தொடங்கினார்.